உடற்பருமனும் கத்தியும்

(உத்திரமேரூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள்களில் இம்மேடையில் கல்வி நிதியைப் பற்றியும் மணமக்கள் பதிவேட்டைப் பற்றியும் அறிஞர் பலர் பேசினர். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்கு வியப்பளிக்கலாம். உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையை அறுக்கும் சிகிச்சையை ஒருவர் மேற்கொள்ளலாமா, வேண்டாவா என்பதே அப்பொருள். யான் மருத்துவன் அல்லன். இலக்கணம் கற்பித்து வயிறு வளர்ப்பவன். அவ்வயிறு வேண்டும் அளவினும் மிகுதியாக வளர்ந்துவிட்டமையே இதனைப் பேச என்னைத் தூண்டியது.

ஓராண்டுக்குள் எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி இருமுறை எழுந்தது. முதலில் எழுந்தது என்னைக் குறித்து. எனக்கு வயது 46. உயரம் 168 செண்டிமீட்டர். எடை 109 கிலோ. நீரிழிவு கண்டு 9 ஆண்டுகள் ஆயின. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசியும் சேர்ந்தது. இரவில் உறங்குங்கால் மூச்சு இடையிடையே நின்று நின்று வரும். அதனை யான் அறியேன். அருகில் விழித்திருந்து எண்ணிக்கொண்டிருந்த என் மனைவியார் அறிவார். மருத்துவர், ‘அறுவைச் சிகிச்சையைப் பற்றி எண்ணிப் பாருங்கள்’ என்றார்.

அடுத்து எழுந்தது என் தமக்கையாரின் மகளைக் குறித்து. அப்பெண்ணுக்கு வயது 24. உயரம் 155 செண்டிமீட்டர். எடை 64 கிலோ. நோய் என்று ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டார், ‘பெண் சற்றுப் பருமன்’ என்று சொல்லி அனுப்பினர். தமக்கையார் என்னிடம், “தம்பி, நீ போகும் வைத்தியரிடமே இவளையும் காட்டிவிடு. நகையை விற்றாவது செலவைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். கேள்வி ஒன்றே; ஆயினும் விடை ஒன்றாக இருத்தல் இயலாது. அது ஏன் என்பதைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

அன்பர்களே! இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டும் அன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 100-க்கு 40 பேரும், ஆண்களுள் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர். அதற்கு முந்தைய ஆய்வில் இத்தொகை முறையே 31, 28 என்ற அளவிலேயே இருந்தது. நம் முன்னோர் தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் கால்களால் மிதித்தும் கைகளால் இழுத்தும் உழைத்தனர்; கேழ்வரகுக் கூழ் அவர்க்குப் போதியதாயிற்று. நாமோ கடை நாற்காலியிலும் அலுவலக நாற்காலியிலும் அமர்ந்து முப்பொழுதும் அரிசியுணவு கொள்கிறோம். தொழில் மாறியது, தட்டு மாறவில்லை.

இவ்விடத்து ஒரு தவற்றைக் களைதல் வேண்டும். பருத்த உடலினரைக் கண்டால், ‘தின்று பெருத்தவன்’, ‘சோம்பேறி’ என்று நகைப்பது நம் வழக்கமாகிவிட்டது. உணவும் உழைப்பும் காரணங்களே. எனினும் அவை மட்டுமே காரணங்கள் அல்ல. பிறவிக் கூறும், உறக்கக் குறைவும், சில மருந்துகளும், சில சுரப்பிகளின் கோளாறும் அதில் பங்கு கொள்கின்றன. அன்றியும், எடை குறையத் தொடங்கியதும் உடல் தானே பசியைப் பெருக்கி, ஆற்றலைச் செலவிடுதலைச் சுருக்கி, இழந்த எடையை மீட்க முயல்கிறது. பட்டினி கிடந்து 10 கிலோ குறைத்தவர் மறு ஆண்டே 12 கிலோ ஏறுவதன் காரணம் இதுவே. ஆதலின், மிகப் பருத்தவர் ஒருவர் அறுவையை நாடினால் அதனைக் கோழைத்தனம் என்று இகழ்தல் அறியாமை.

இனி, அச்சிகிச்சை யாது? 1954-ல் அமெரிக்காவில் சிறுகுடலின் ஒரு பகுதியை உணவு கடவாதபடி விலக்கி இணைக்கும் முறை முதலில் செய்யப்பட்டது. அது பல தீங்குகளை விளைத்தமையால் பின்னர்க் கைவிடப்பட்டது. 1967-ல் ஐயோவா பல்கலைக்கழகத்து மேசன் என்னும் மருத்துவர் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ முறையை வெளியிட்டார். இக்காலத்தில் பெரிதும் வழங்குவன இரண்டு. ‘ஸ்லீவ்’ என்னும் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 விழுக்காடு வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய்போல் நிற்கும். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு மிகுதியாகத் தோன்றும் பகுதி நீங்குவதால் பசியும் தணிகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கப்படுகிறது. இரண்டும் வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவி செலுத்திச் செய்யப்படுவன. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுத்த இரைப்பையை மீண்டும் வைத்தல் இயலாது என்பதை மறவற்க.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ‘லைபோசக்‌ஷன்’ என்பது இதனின் வேறு. அஃது உருவத்தைத் திருத்தும் சிகிச்சையேயன்றி நோய் தீர்க்கும் சிகிச்சை அன்று. பெங்களூரில் 2022 மே மாதத்தில் 21 வயதுடைய கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப்பின் உயிர்நீத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். இரண்டையும் ஒன்றென மயங்குவோர் நம்மிடையே உளர்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என்று வள்ளுவர் வகுக்கின்றார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. இச்சிகிச்சையை ஆராய்வதற்கு இதனினும் சிறந்த வகைப்பாட்டை யான் காணவில்லை. ஆகவே, அம்முறையிலேயே கூறுவேன்.

முதலாவது, நோயுற்றவர். நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. 30 குடும்புகளிலிருந்தும் வாரியத்திற்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை அவை உரைக்கின்றன. குடத்தில் ஓலை இட்டதையும் சிறுவன் ஒருவன் அதனை எடுத்ததையும் எல்லோரும் பேசுகிறோம். ஓலை இடுவதற்குமுன் தகுதி ஆராய்ந்ததை மறந்துவிடுகிறோம். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். ஊர்ப்பணிக்கே இத்தனைத் தகுதி பார்த்த ஊரில் பிறந்தவர்கள், உடம்பின்மேல் கத்தி வைக்குமுன் தகுதி பாராதிருக்கலாமோ?

அத்தகுதிக்கு ஓர் அளவுகோல் உண்டு. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பது ‘பி. எம். ஐ.’ என்னும் எண். 1991-ல் அமெரிக்க நாட்டு நலநிறுவனம், இவ்வெண் 40-க்கு மேற்பட்டவர்க்கும், 35-க்கு மேற்பட்டுக் கடுநோயும் உடையவர்க்கும் அறுவை தகும் என்றது. 2022-ல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பும் அமெரிக்கச் சங்கமும் கூடி, நோய் இல்லையாயினும் 35 முதலும், நீரிழிவு முதலிய நோயிருப்பின் 30 முதலும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருதலின் அவ்வெல்லை 27.5 எனத் தாழ்த்தப்பட்டது. என் எண் 38.6, என் மருமகளின் எண் 26.6. தாழ்த்திய எல்லைக்கும் அவள் உட்படவில்லை, நோயும் இல்லை.

எண் மட்டும் போதாது. மருத்துவர், உணவு வல்லுநர் ஆகியோரின் மேற்பார்வையில் சில திங்களேனும் உண்மையாக முயன்று பார்த்தோமா என்பதும், தைராய்டு முதலிய மறைந்த காரணம் உண்டா என்பதும், மனம் தளர்ந்து உண்ணும் பழக்கமோ குடிப்பழக்கமோ உண்டா என்பதும் ஆராயப்படல் வேண்டும். குடிப்பவர்க்கும் புகைப்பவர்க்கும் இச்சிகிச்சை பேராபத்து.

இரண்டாவது, மருத்துவர். அக்கல்வெட்டிலேயே மற்றொரு விதியும் உண்டு: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது. இதனை மருத்துவமனை வாயிலிலும் நாம் நினைத்தல் வேண்டும். ‘ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கின்றீர்கள்? எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது? மயக்க மருந்து தருபவர் யார்? தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்தமும் இதே கட்டடத்தில் உண்டா? இரவில் நிலைமை கெட்டால் யார் வருவார்?’ என்று கேளுங்கள். கணக்குக் காட்டத் தயங்குபவரை விட்டு அகலுங்கள். 2024 ஏப்ரலில் புதுவையைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இச்சிகிச்சை தொடங்கிய சிறு பொழுதில் நிலைகுலைந்து மறுநாள் உயிர்நீத்தார். அரசு விசாரணை நடத்தி, அம்மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அவ்விளைஞரின் பெற்றோர் துயரத்தை எண்ணும்போதெல்லாம், விலை குறைந்த இடத்தைத் தேடுவதா, வசதி நிறைந்த இடத்தைத் தேடுவதா என்ற கேள்விக்கு எனக்கு ஐயமே எழுவதில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்போர் அதன் நிபந்தனையைப் படிக்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதியின்படி, வயது 18 நிறைந்து, மருத்துவர் அறிவுரையின் பேரில், எண் 40-க்குக் குறையாமலோ, அல்லது 35-க்குக் குறையாமல் இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற நோயுடனோ இருந்து, எளிய முறைகள் பயன்படாதபோதே இச்செலவு ஏற்கப்படும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உடையோர், பணம் கட்டுமுன் அதன் அலுவலரிடமே நேரில் கேட்டறிக. வட்டிக்கு வாங்கிச் செய்துகொள்ளும் அவசரம் பெரும்பாலோர்க்கு இல்லை.

மூன்றாவது, மருந்து, ஈண்டு அது கத்தி. அதன் நன்மையைக் குறைத்துக் கூறேன். ஓரிரண்டு ஆண்டுகளில் உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது. சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி 4,000-க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு கண்காணித்த ஆய்வில், அறுவை செய்துகொண்டோர் செய்துகொள்ளாத ஒத்த பருமனுடையோரைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர் என 2020-ல் கணித்துள்ளனர். ஆயினும் பொதுமக்களின் வாழ்நாளை அவர்கள் எட்டவில்லை, 5.5 ஆண்டுகள் குறைவே. நீரிழிவாளரிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வில், 5 ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நன்கு அடங்கியிருந்தோர் பைபாஸ் செய்தவருள் 100-க்கு 29 பேர். ஸ்லீவ் செய்தவருள் 23 பேர். மருந்து மட்டும் கொண்டவருள் 5 பேர். நன்மை மெய், ஆயினும் அஃது எல்லார்க்கும் கிட்டுவது அன்று.

தீங்கையும் கூறுவேன். அமெரிக்க மருத்துவமனைகள் சில சேர்ந்து 4,776 பேரைக் கண்காணித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தோர் 1,000-க்கு 3 பேர். பெருந்தீங்குற்றோர் 100-க்கு 4 பேர். தைத்த இடம் கசிதல், இரத்தக்கசிவு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தல் என்பன அவை. வீடு திரும்பிய சில நாளில் காய்ச்சல், விரைந்த நாடித் துடிப்பு, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. நம் ஊரிலிருந்து சென்னை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆதலின், முதல் இரண்டு கிழமை மருத்துவமனைக்கு அண்மையில் உறவினர் வீட்டில் தங்குதலே அறிவுடைமை.

ஆயுள் முழுதும் ஆற்றவேண்டிய கடன்களும் உள. பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி ஆகிய சத்துகளை நாள்தோறும் மருந்தாகக் கொள்ளுதல். ஆண்டுதோறும் இரத்தம் சோதித்தல். சிறு கவளமாக நெடிது மென்று உண்ணுதல். உணவோடு நீர் பருகாமை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு சோற்றைப் பின்னர்த் தொடுதல். புலால் உண்ணாதார் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். ஓயாத வாந்தி எடுப்பின் பி1 சத்துக் குறைந்து நரம்பு கெடும். சில திங்கள் முடி உதிரும், பித்தக்கல் தோன்றலாம். பெண்கள் 12 முதல் 18 மாதம்வரை கருவுறுதலைத் தள்ளிவைத்தல் வேண்டும். பழைய உணவுப் பழக்கத்திற்குத் திரும்பினால் எடையும் திரும்பும்.

கத்திக்கு மாற்றாக ஊசி மருந்துகள் வந்துள்ளன. செமாகுளுடைடு சராசரியாக 15 விழுக்காடும், டிர்செபடைடு 20 விழுக்காடும் எடையைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. உடல் எடைக்கென இரண்டும் 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. வந்தபோது அவற்றின் விலை மிகுதியாக இருந்தது, நிறுத்தினால் எடை மீள்கிறது. மருத்துவர் எழுதித் தராமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளுதல் தகாது. ஆயினும், கத்திக்கும் பட்டினிக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, உடனிருந்து பேணுபவர். இங்கேதான் நம் சங்கம் முழுவதற்கும் கடமை இருக்கிறது. நம் விருந்துகளில் ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று இலையில் இடுவதை அன்பு என்று கருதுகிறோம். இரைப்பை சுருக்கப்பட்டவருக்கு அவ்வொரு கரண்டி நோய். அவர் ‘போதும்’ என்றால் போதும். அவருக்கெனத் தனிச் சமையல் செய்வதினும், வீடு முழுவதும் அவ்வுணவிற்கு மாறுதல் நன்று. சிகிச்சைக்குப்பின் மனம் சோர்வோரும் உளர். அவரைத் தனியே விடலாகாது.

இனி, என் மருமகளின் செய்திக்கு வருகிறேன். தமக்கையார் சொல்லைத் தட்டமாட்டாமல் அவளை அழைத்துச் சென்றேன். பேருந்தில் செங்கற்பட்டுவரை அவள் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “மாமா, இந்த அறுவை என் நோய்க்கா, அவர்கள் கண்ணுக்கா?” என்று கேட்டாள். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் விடை கூறிப் பழகிய எனக்கு அன்று விடை வரவில்லை. மருத்துவர் அவளைச் சோதித்துவிட்டு, “நோயில்லாத வயிற்றில் நான் கத்தி வைக்க மாட்டேன். நடந்து வரட்டும், மாவுணவைக் குறைக்கட்டும், அதுவும் அவளுக்காக” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கக்கூடிய ஒருவர் மறுத்தது கண்டு, தமக்கையார் முதலில் சினந்தார், பின்னர் அழுதார், பின்னர் மகளைத் தழுவிக்கொண்டார்.

பெரியோர்களே! நம் மணமக்கள் பதிவேட்டில் ‘எடை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதனை நீக்கிவிட வேண்டும் என்று இவ்வவையில் முறையிடுகிறேன். ஆண்மகன் எடையை எவரும் அக்கட்டத்தில் தேடுவதில்லை. பெண்ணின் எடையைக் கண்டு பேரம் பேசும் வழக்கம், ஒரு நாள் ஒரு வீட்டுப் பெண்ணை அறுவைக் கட்டிலில் கிடத்தும். அப்பழி அறுத்த கையை மட்டும் சாராது. அக்கட்டத்தை வரைந்த நம்மையும் சாரும்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு திங்கள் உணவு வல்லுநர் சொற்படி உண்டேன். நாள்தோறும் ஏரிக்கரையில் நடந்தேன். 5 கிலோ குறைந்து 3 கிலோ ஏறிற்று. மூச்சுத்தடை நீங்கவில்லை. என் அன்னையார், “ஆண்டவன் கொடுத்த வயிற்றை அறுத்துக்கொள்வதா, தம்பி?” என்று கலங்கினார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, யான் கேட்ட வினாக்களையெல்லாம் அவர் முன்னிலையிலேயே மீண்டும் கேட்டேன். முடிவில் அவர், “உன் பெண்சாதி இரவில் தூங்கட்டும், செய்துகொள்” என்றார். வரும் கோடை விடுமுறையில் செய்துகொள்ளத் துணிந்துள்ளேன். அச்சம் இல்லை என்று கூறேன்; அச்சம் உண்டு. எனினும், இஃது எவர் நகைப்புக்கும் அஞ்சி எடுத்த முடிவன்று.

ஒரே குடும்பத்தில் ஒருவர்க்கு ‘ஆம்’ என்றும் மற்றொருவர்க்கு ‘அன்று’ என்றும் விடை வந்ததை இதுகாறும் கூறினேன். இரண்டையும் அளந்த கோல் ஒன்றே: நோயின் அளவும், நோயாளியின் சொந்த மனமும். நாணமும் மலிவும் மணப்பேச்சும் அக்கோலைத் தொடலாகாது. உங்கள் வீட்டில் இக்கேள்வி எழும்போது, அவசரப்படாமல், இன்று கூறிய நான்கையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.